முதல் தடவையாகக் கோழிக்குஞ்சு வளர்க்கப் போகிறேன். பத்துக் குஞ்சுக்கு எத்தனை வாட்ஸ் பல்பு போட வேண்டும்?

பல்பைப் பற்றிக் கேட்டிருப்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். நானும் இதே கேள்வியோடுதான் தொடங்கினேன். எனக்குப் பதில் சொன்ன எல்லோரும் வாட்ஸ் கணக்கு மட்டும்தான் சொன்னார்கள். ஐந்து குஞ்சு செத்த பிறகுதான் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று புரிந்தது.

நீங்களும் வேலைக்குப் போகிறவர், பகலில் வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எனக்குத் திருகோணமலை, பாலையூற்றுப் பக்கம். 2022 ஓகஸ்ட் மாதம். முட்டை விலை ஏறிக்கொண்டே போனது. மகளுக்குத் தினமும் ஒரு முட்டையாவது கொடுக்க வேண்டும் என்றுதான் 12 ஊர்க்கோழிக் குஞ்சு வாங்கினேன். முதல் வாரம் 35 பாகை சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 பாகை குறைக்க வேண்டும் என்று வாசித்திருந்தேன். பெரிய காட்போட் பெட்டி, 100 வாட்ஸ் குண்டு பல்பு, அடியில் பேப்பர், எல்லாம் ஆயத்தம். பெட்டியைப் பின்னால் தகரக் கொட்டிலில் வைத்து, பல்பைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

பின்னேரம் மூன்றரைக்குத் திரும்பி வந்தேன். பெட்டியில் சத்தமே இல்லை. ஐந்து குஞ்சு பல்புக்கு எதிர்மூலையில் செட்டையை விரித்தபடி செத்துக் கிடந்தன. மற்றவை வாயைத் திறந்து இளைத்துக்கொண்டிருந்தன. தண்ணீர்த் தட்டு காய்ந்து போயிருந்தது. மகள் பள்ளியால் வந்து அதைத்தான் முதலில் பார்த்தாள். இதை எழுதும்போதும் நெஞ்சு கனக்கிறது.

நான் வாசித்த 35 பாகை சரியான கணக்குத்தான். ஆனால் அது குஞ்சு நிற்கும் உயரத்தில் இருக்க வேண்டிய மொத்தச் சூடு. வறண்ட கச்சான் காற்று அடிக்கும் ஓகஸ்டில் திருகோணமலையில் நிழலிலேயே 34, 35 பாகை வந்துவிடும். தகரத்துக்குக் கீழே அதைவிடக் கூட. அதற்கு மேல் நான் 100 வாட்ஸ் பல்பு போட்டிருக்கிறேன். குளிரான நுவரெலியாவில் இருப்பவருக்குச் சொன்ன அளவை இங்கே அப்படியே போட்டால் இதுதான் நடக்கும்.

அன்று இரவு மாமி பெட்டியை வீட்டுக்குள் எடுத்து வைத்தார். "பிள்ளை, பல்பைப் பாக்காத, குஞ்சைப் பார்" என்றார். பல்பிலிருந்து விலகி ஓரத்தில் ஒட்டி, வாயைத் திறந்து இளைத்தால் சூடு கூட. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்து கீச்சிட்டுக் கத்தினால் குளிர். பெட்டி முழுக்கப் பரவி, தின்பதும் படுப்பதுமாக இருந்தால் சரி. பல்பை ஒரு பக்கமாகத் தொங்க விடுங்கள், மறுபக்கம் ஒதுங்க இடம் இருக்கட்டும். எங்கள் ஊர் வெயில் காலத்தில் பகலில் பல்பே தேவைப்படவில்லை. இரவுக்கு 40 வாட்ஸ் போதுமாக இருந்தது. எல்இடி பல்பு வாங்கிவிடாதீர்கள், அதில் வெளிச்சம் வரும், சூடு வராது. அப்போது மின்வெட்டும் இருந்தது. கரண்ட் போனால் வெந்நீரைப் போத்தலில் ஊற்றி, துணியால் சுற்றி நடுவில் வைப்போம். குஞ்சுகள் அதன்மேல் சாய்ந்து படுத்துவிடும்.

பேப்பரும் பிழை. வழுக்கி, ஒரு குஞ்சுக்குக் கால் இரண்டும் விரிந்துவிட்டது. முதல் சில நாளைக்குச் சாக்கு விரியுங்கள், பிறகு உமி. தம்பலகாமத்துப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் உமிக்குப் பஞ்சமில்லை. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், விழுந்தாலும் மூழ்காது. உமி நனைந்தால் அன்றே மாற்றுங்கள். ஈரத்தில்தான் இரத்தக் கழிச்சல் பரவும். மாரி மழைக்குள் குஞ்சு எடுத்தால் இதில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

தடுப்பு மருந்தை விட்டுவிடாதீர்கள். வெள்ளைக் கழிச்சல் (ராணிகெட் நோய்) வந்தால் குணமாக்க மருந்து இல்லை. முதல் சொட்டு ஒரு வார அளவில் கண்ணில் விடுவார்கள், மற்றத் தவணைகளை மிருக வைத்தியரிடம் கேளுங்கள். ஒரு குப்பி நூறு குஞ்சுக்கு மேல் வரும், கரைத்தால் சில மணி நேரம்தான் வைத்திருக்கலாம். பத்துக் குஞ்சுக்குத் தனியாக வாங்க யோசிப்பீர்கள். நாங்கள் ஒழுங்கையில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் விட்டோம்.

பண்ணை வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்து, பல்பு இல்லாமல் குஞ்சு வளராது என்று சொல்லக் கூடும். ஆயிரம் குஞ்சு வைத்திருப்பவர் கணக்கு வேறு. நான் வைத்தியரும் இல்லை. என் வளவில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

மிச்சம் ஏழில் ஒன்றைக் கீரி கொண்டுபோனது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பக்கத்துக் காணி பத்து வருடத்துக்கு மேலாகப் பற்றைக் காடு. சொந்தக்காரர் வெளிநாட்டில். கீரி, பாம்பு, மழை வந்தால் நுளம்பு, எல்லாம் அங்கிருந்துதான். ஒருமுறை எங்கள் செலவில் வேலியோரம் மூன்றடி வெட்டினோம். அடுத்த நாளே போன் வந்தது, "என்ர காணிக்குள்ள ஆரைக் கேட்டு வெட்டினீங்கள்?" என்று. காணி அவருடையதுதான், ஒருவரும் பிடிக்கப் போவதில்லை. அந்தப் பற்றைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை துப்புரவாக்கக் கூலி அனுப்புவது அவ்வளவு பெரிய காரியமா?

சரி, குஞ்சுக்கு வருகிறேன். தப்பிய ஆறில் நாலு பேடு. ஆறாம் மாதம் முட்டை இடத் தொடங்கின. பிறகு ஒரு பேடு அடை கிடந்தது, பதினொரு முட்டை வைத்தோம், 21ஆம் நாள் ஒன்பது பொரித்தது. அந்த ஒன்பதுக்கும் நான் பல்பு போடவில்லை, சூடு பார்க்கவில்லை. எல்லாம் தாய்க்கோழி பார்த்தது. உங்கள் அயலில் யாரிடமாவது அடைக்கோழி இருந்தால் முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

இல்லை, வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் வெள்ளிக்கிழமை பின்னேரம் வாங்குங்கள். சனியும் ஞாயிறும் வீட்டில் இருந்து, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் விடியப்புறம் மூன்று மணிக்கும் பெட்டிக்குள் எட்டிப் பாருங்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது எந்தப் பல்பு, எவ்வளவு உயரத்தில் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.