சுடவே போகாத பழைய துப்பாக்கிக்கு இவ்வளவு பணமா?

இங்கிலாந்தில் இருக்கும் உங்கள் அக்கா கணவர், சேமிப்பை எடுத்து ஏலத்தில் ஒரு விட்வொர்த் ரைபிள் வாங்கப் போகிறார், சுவரில் மாட்டுவதற்கு இத்தனை செலவா, எப்படித் தடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கச் சொன்னது அக்காவாகத்தான் இருக்கும். என் வீட்டிலும் இதே பேச்சு நடந்தது. அதே ரைபிள் ஒன்று ஒன்பது ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. ஆகவே நடுநிலையான பதிலை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

"கொலைக் கருவியைக் கொண்டாடுகிறாயா" என்று எழுதக் காத்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நெடுந்தூரக் குறிசுடும் போட்டிகளில் பெயர் வாங்கிய ரைபிள். போரைத் தொடவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்; அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலப் படையினரிடம் இது இருந்தது. அது தெரிந்துதான் வாங்கினேன். என் வீட்டில் ஒரு குண்டுகூடக் கிடையாது. ஒருநாளும் நான் சுட்டதில்லை.

பதினேழு வயதில் கோவை கணபதியில் ஒரு லேத்துப் பட்டறையில் சேர்ந்தவன் நான். விட்வொர்த் என்பது ஒரு மனிதரின் பெயர் என்றே அங்கே எங்களுக்குத் தெரியாது. அது ஒரு மரை, அதாவது போல்ட்டில் வெட்டும் திருகுப் புரி. கோணம் 55 பாகை. அரை அங்குல போல்ட் என்றால் அங்குலத்துக்கு 12 மரை. மரை வெட்டும் டூலைத் தப்பாகத் தீட்டினால், கோணத்தைச் சரிபார்க்கும் கேஜை அதோடு பொருத்தி மேஸ்திரி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டுவார். இடையில் மயிரிழை ஒளி தெரிந்தாலும் மறுபடி தீட்ட வேண்டும். பிறகு மான்செஸ்டரில் டூல்ரூம் வேலைக்கு வந்தபோதுதான், ஜோசப் விட்வொர்த் இந்த ஊரில் பட்டறை வைத்திருந்தவர், 1841இல் அந்த மரை அளவை உலகுக்கு முன்வைத்தவர் என்று அறிந்தேன். நான் கைதேர்ந்த மரையை வகுத்தவரின் ஊரிலேயே வேலை பார்க்கிறேன் என்ற எண்ணம் அன்று இரவு என்னைத் தூங்க விடவில்லை.

ராணுவ ரைபிள் செய்யும் முறையைப் பற்றி 1850களில் அரசு அவரை அணுகியது. நல்ல குழல் எப்படி இருக்க வேண்டும் என்பதையே முதலில் கண்டறிய வேண்டும் என்றார் அவர். வீட்டருகே 500 கஜ நீளத்தில் ஒரு கூடம் கட்டிச் சோதித்தார். அப்போது ராணுவத்திடம் இருந்த என்ஃபீல்டு ரைபிளின் குழல் துளை 0.577 அங்குலம். குண்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டிய சுருள் வரி 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான் சுற்றும். விட்வொர்த் அந்தத் துளையை 0.451 அங்குலமாகக் குறுக்கினார். குண்டின் எடையைக் குறைக்காமல் அதை மெலிதாக நீட்டினார். நீண்ட குண்டு காற்றில் தள்ளாடாமல் போக வேண்டுமென்றால் வேகமாகச் சுழல வேண்டும். ஆகவே 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தார். வரிகளை வெட்டாமல் குழலின் துளையையே அறுகோணமாக்கினார். குண்டும் அதே முறுக்கோடு அறுகோணம். 36 அங்குலக் குழலுக்குள் ஆறு பட்டைகள் ஏறக்குறைய இரண்டு சுற்றுச் சுற்றி வருகின்றன. அதை அந்தக் காலத்து இயந்திரங்களை வைத்துக்கொண்டு செய்தார்கள் என்பது லேத்தில் நின்றவனுக்குத்தான் உறைக்கும்.

1857இல் இங்கிலாந்தின் ஹைத் என்ற ஊரில் இரண்டு ரைபிள்களையும் பக்கத்தில் வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். 500 கஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.24 அடி; விட்வொர்த்துக்கு 0.37 அடி. 1400 கஜத்தில் என்ஃபீல்டு இலக்கைத் தொடவே இல்லை. ஆனாலும் ராணுவம் இதை ஏற்கவில்லை. விலை அதிகம், குறுகிய குழலில் வெடிமருந்துக் கரி சீக்கிரம் படிந்துவிடுகிறது என்றார்கள். அதனால்தான் இது போட்டிக்காரர்களின் ரைபிள் ஆயிற்று, இன்று அரிதாகவும் இருக்கிறது. 1860 ஜூலை 2 அன்று விம்பிள்டன் குறிசுடும் போட்டியை விக்டோரியா அரசி தொடங்கிவைத்தது தாங்கியில் பொருத்திய ஒரு விட்வொர்த்தின் விசைக் கயிற்றை இழுத்துத்தான். 400 கஜத்தில் குண்டு மையத்திலிருந்து இரண்டு அங்குலம்கூட விலகவில்லை.

எனக்கு இன்னும் ஆறாத ஒன்று உண்டு. இதற்கு முன் சாதாரண என்ஃபீல்டு வகை ரைபிள் ஒன்று வாங்கியிருந்தேன். குழலில் பழைய பழுப்புப் பூச்சு திட்டுத் திட்டாக இருந்தது. உலோகம் என்றால் பளபளக்க வேண்டும் என்று பழகிய கை. ஒரு ஞாயிறு முழுதும் எமரித் தாள் போட்டுத் தேய்த்தேன். மாலையில் வெள்ளி போல் மின்னியது. விவரம் தெரிந்த ஒரு பெரியவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு, "பொறித்த எழுத்துகளில் பாதியையும் அழித்துவிட்டீர்களே" என்றார். நூற்றைம்பது ஆண்டுகள் தாங்கியதை நான் ஒரே பகலில் அழித்திருந்தேன். விற்றபோது பாதிப் பணம்கூடக் கிடைக்கவில்லை. பணத்தைவிட அந்த எழுத்துகள்தான் வலிக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கேள்விக்கு வெளியே என்றாலும். இளைஞர்கள் பொறியியல் படிப்பதற்காக 1868இல் தன் பணத்தில் உதவித்தொகை ஏற்படுத்தியவர் விட்வொர்த். அதே ஊரில் என் மகன் படித்த பள்ளியில் உலோக வேலைப் பாடத்தை நிறுத்தி, அந்த அறையில் கணினிகளை வைத்தார்கள். அரம் பிடிக்கத் தெரியாத பிள்ளை எந்த அளவை நம்பும்? மனு கொடுத்தேன். பாதுகாப்புக் காரணம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

சட்டத்தைப் பற்றி: பிரிட்டனில் இப்படிக் குழல் வாய் வழியாக வெடிமருந்து கிட்டிக்கும் பழைய துப்பாக்கியை அலங்காரமாக, காட்சிப் பொருளாக வைத்திருக்க உரிமச் சான்று வேண்டாம், சுட நினைத்தால் வேண்டும். ஊருக்கு எடுத்து வரும் எண்ணம் இருந்தால் இந்திய ஆயுதச் சட்டம் குறுக்கே நிற்கும், அதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

அவரைத் தடுக்காதீர்கள். குடும்பச் செலவுக்கு எடுத்துவைத்த பணம் என்றால் மட்டும் தடுங்கள், அப்போது நான் அக்காவின் பக்கம். பார்க்கப் போகும்போது ஒரு சிறிய டார்ச் கொண்டுபோகச் சொல்லுங்கள். அதே அளவில் வட்டத் துளையோடு வேறு பலரும் ரைபிள் செய்திருக்கிறார்கள், விவரப் பட்டியலில் பெயர் மாறிப் போவதுண்டு. குழல் வாயில் வெளிச்சம் அடித்தால் ஆறு பட்டைகளும் மெல்லத் திரும்பி உள்ளே இறங்குவது தெரிய வேண்டும். குழல் புதிதுபோல் மின்னினால் வாங்காமல் திரும்பிவரச் சொல்லுங்கள். என்னைப் போல் ஒருவன் அதைத் தேய்த்திருப்பான்.