டேட்டாகிரிட்வியூவில் 0, 1, 2-க்குப் பதிலாகச் சொல் காட்ட

வணக்கம். சிங்கப்பூர் தேக்காவில் உள்ள உங்கள் கடையின் பில் மென்பொருளில், டேட்டாகிரிட்வியூவின் (விண்டோஸ் ஃபார்ம்ஸில் தரவை அட்டவணையாகக் காட்டும் கிரிட்) நிலைப் பத்தியில் 0, 1, 2 என்றே வருகிறது, அதற்குத் தரவு கொடுக்கும் டேட்டாடேபிளில் மாற்றினால் சேமிக்கும்போது தரவுத்தளமும் மாறிவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

டேட்டாடேபிளைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு செல்லையும் (கட்டத்தையும்) காட்டும் முன் கிரிட் எழுப்பும் செல்ஃபார்மேட்டிங் (CellFormatting) ஈவென்ட்டைப் பிடியுங்கள். முதலில் அது நிலைப் பத்திதானா என்று பாருங்கள். மதிப்பு டிபிநல் (DBNull, அதாவது தரவுத்தளத்தில் காலி) என்றால் வெளியேறிவிடுங்கள். அப்புறம் அந்த ஈவென்ட் தரும் இ.வேல்யூவில் (e.Value) ‘நிலுவை’, ‘கட்டியாச்சு’, ‘ரத்து’ என்று எண்ணுக்கேற்ற சொல்லைப் போட்டு, இ.ஃபார்மேட்டிங்அப்ளைடை (e.FormattingApplied) ட்ரூ ஆக்குங்கள். திரையில் மட்டும்தான் சொல் மாறும். அடியில் எண் அப்படியே இருக்கும். அதனால் வரிசைப்படுத்தினாலும் எண் வரிசைதான் வரும். அந்தப் பத்தியை ரீட்ஒன்லி ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் யாராவது சொல்லைத் தட்டச்சு செய்யும்போது அதைத் திரும்ப எண்ணாக்க செல்பார்சிங் (CellParsing) ஈவென்ட்டும் எழுத வேண்டி வரும்.

இந்த ஈவென்ட் செல் வரையப்படும் ஒவ்வொரு முறையும் ஓடும். நான் ஒருமுறை அதற்குள் எஸ்கியூஎல் வினவல் ஒன்றை வைத்துவிட்டு, ஸ்க்ரோல் ஏன் இப்படி இழுக்கிறது என்று அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

ஜிஎஸ்டி பத்திக்கு இவ்வளவு வேலை இல்லை. 2023 பில்லுக்கு 0.08, 2024 முதல் 0.09 என்று டெசிமலாக இருந்தால், அந்தப் பத்தியின் டிஃபால்ட்செல்ஸ்டைலின் (DefaultCellStyle) ஃபார்மேட்டில் ‘பி0’ (P0) போதும், சதவீதமாகக் காட்டும். ஸ்ட்ரிங்காகச் சேமித்திருந்தால் மட்டும் அது வேலை செய்யாது.