மகளோடு சிங்கப்பூர் போக அப்பாவின் சம்மதம் வேண்டுமா?

கேள்வி: பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்தாகி இரண்டு வருடம் ஆகிறது. ஏழு வயது மகள் என்னிடம் இருக்கிறாள். மாதம் இரண்டு சனிக்கிழமை அப்பா அவளைப் பார்க்கலாம் என்று கோவை குடும்ப நல நீதிமன்ற உத்தரவில் இருக்கிறது. எனக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துள்ளது. அவர் சம்மதிக்க மறுக்கிறார். மகளிடம் பாஸ்போர்ட் இருக்கிறது. முதலில் போய்விட்டுப் பிறகு பேசிக்கொள்ளலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். விமான நிலையத்தில் யாரும் தடுக்காமல் போகலாம். ஆனால் அடுத்த சனிக்கிழமை அவர் வந்து பூட்டிய வீட்டைப் பார்க்கும்போதே நீங்கள் உத்தரவை மீறியவர் ஆகிவிடுவீர்கள். நீதிமன்ற அவமதிப்பு மனு, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, கஸ்டடியையே மாற்றக் கேட்கும் மனு என்று அவருக்கு வழிகள் பல. “வேறு நாட்டுக்குக் கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்பச் சொல்லும் 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா இல்லையே” என்று சிலர் தைரியம் சொல்வார்கள். உடன்படிக்கை இல்லாவிட்டாலும் கோவை உத்தரவு உங்களைக் கட்டுப்படுத்தும்.

அவர் சம்மதிக்காவிட்டால் நீதிமன்ற அனுமதி போதும். உங்கள் விவாகரத்து இந்து திருமணச் சட்டத்தின்கீழ் நடந்திருந்தால், அதன் 26-வது பிரிவின்படி தீர்ப்புக்குப் பிறகும் குழந்தை பற்றிய உத்தரவை மாற்றக் கேட்டு அதே நீதிமன்றத்தில் மனுப் போடலாம். “ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டதை மாற்ற முடியாது” என்று எதிர்த்தரப்பு வாதிடும். 2010-ல் ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்த ஒரு தாயின் வழக்கில் இதே வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கஸ்டடி உத்தரவு எப்போதும் இடைக்காலத் தன்மை உடையது, அதாவது குழந்தையின் நலனுக்காகப் பிறகு மாற்றக்கூடியது என்று சொன்ன நீதிபதிகள், சிறுவனிடம் தனியே பேசிவிட்டு, அப்பா அவனைப் பார்ப்பதற்கான ஏற்பாட்டோடு தாய்க்கு அனுமதி தந்தார்கள்.

மனு எங்கே சறுக்குகிறது என்றால், சம்பளத்தைப் பற்றி மட்டுமே எழுதுவதில்தான். நீதிபதிக்குத் தெரிய வேண்டியது வேறு: எந்தப் பள்ளி, எங்கே வீடு, பள்ளி விட்டு வரும் பிள்ளையை நீங்கள் வேலையிலிருந்து திரும்பும்வரை யார் பார்த்துக்கொள்வார்கள்? நியமனக் கடிதத்தோடு இவற்றுக்கும் சான்று வையுங்கள்.

அதைவிட முக்கியம், அப்பா இழக்கும் நேரத்துக்கு நீங்களே ஈடு சொல்வது. அவருக்கு இப்போது வருடத்தில் 24 நாள் இருக்கிறது. சிங்கப்பூர் அரசுப் பள்ளிகளுக்கு ஜூனில் சுமார் 4 வாரமும் ஆண்டு இறுதியில் சுமார் 6 வாரமும் விடுமுறை. அதில் பாதி கோவையில், டிக்கெட் செலவு உங்களுடையது என்று எழுதினால் 35 நாள் ஆகிறது. வீடியோ அழைப்புக்கு நேரமும் குறிப்பிடுங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. இங்கே மாலை 7 என்றால் அங்கே இரவு 9.30, பிள்ளை தூங்கியிருப்பாள். இங்கே 5 மணி என்று வைத்தால் நடக்கும். நடக்காத நேரத்தை எழுதிவிட்டு, “போனை எடுப்பதில்லை” என்ற புகாருக்கு நீங்களே இடம் கொடுக்காதீர்கள்.

நீதிமன்றம் சொன்னால் மகளைக் கூட்டிவருவேன், முகவரி மாறினால் உடனே தெரிவிப்பேன் என்று பிரமாணப் பத்திரமும் கொடுங்கள். இதே நிபந்தனைகளோடு சிங்கப்பூர் நீதிமன்றத்திலும் ஓர் உத்தரவு பெறத் தயார் என்றால், “போனால் திரும்ப மாட்டாள்” என்ற அவருடைய பயம் குறையும். அந்தப் பயம் நியாயமானதுதான்.

நியமனக் கடிதம் கையில் இருக்கும்போதே மனுப் போடுங்கள். வேலையில் சேரும் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். அனுமதி வரும்வரை பள்ளியில் டி.சி. வாங்க வேண்டாம்.

கேள்வி: மகனின் பாஸ்போர்ட் காலாவதியாகிறது. பிரிந்து வாழும் கணவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். என்ன செய்வது?
- வாசகி, மதுரை

பதில்: பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டுத் தரும் ‘அனெக்ஸர் டி’ உறுதிமொழிக்குப் பதிலாக, மற்றவர் சம்மதம் கிடைக்காதபோது ஒருவரே தரும் ‘அனெக்ஸர் சி’ உறுதிமொழி இருக்கிறது. கஸ்டடி உத்தரவு இருந்தால் நகலை இணையுங்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் மறைக்காதீர்கள். தகவலை மறைத்து வாங்கிய பாஸ்போர்ட்டை முடக்க 1967 பாஸ்போர்ட் சட்டத்தின் 10(3) பிரிவு இடம் தருகிறது. பாஸ்போர்ட் கையில் வந்துவிட்டது என்பதாலேயே வெளிநாட்டில் குடியேற அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.