காரின் டேஷ்போர்டில் இருப்பது நிஜ மரமா, அச்சா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கோவையில் பழைய சொகுசு கார் பார்க்கப் போகிறவர்களுக்கு எழும் கேள்வி இது. நிஜ மரம் என்றால் பெரும்பாலும் முழுப்பலகை அல்ல. 1 மில்லிமீட்டருக்கும் மெல்லிதாகச் சீவிய மரத்தாள், அதாவது வெனீர். அதை அலுமினியத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஒட்டி, மேலே பூச்சு கொடுப்பார்கள். போலியில் இருப்பது மரத்தின் படம் மட்டுமே. பவானி ஜமுக்காளத்தில் கோடு நெசவிலேயே ஓடும், அச்சடித்த விரிப்பில் சாயம் மேலோடு நிற்கும் அல்லவா, அந்த வித்தியாசம்தான்.

செல்போன் டார்ச்சை அடித்து, தலையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள். நிஜ மரத்தின் இழைகள் பல கோணங்களில் ஒளியைத் திருப்புவதால் மினுமினுப்பு நகரும். இருண்டிருந்த இடம் பளிச்சிடும். அச்சில் ரேகை அசையாமல் கிடக்கும். நான் முதலில் நம்புவது இந்தச் சோதனையைத்தான். பளபளப்பான பூச்சைத் தொட்டுப் பார்ப்பது வீண், விரல் படுவது பூச்சில்தான்.

இடமும் வலமும் மர ரேகை கண்ணாடி பிம்பமாக ஒத்திருந்தால் போலி என்பார்கள். அது தவறு, பென்ட்லி போன்ற கார்களில் அடுத்தடுத்துச் சீவிய வெனீரில் ஒன்றைத் திருப்பி வைத்து வேண்டுமென்றே அப்படி ஒட்டுகிறார்கள்.