பெரியப்பாவின் ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்து பார்க்கலாமா?

கேள்வி: கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வசிக்கிறோம். ஊருக்குத் திரும்பிய ஓர் அமெரிக்க ஆசிரியரிடம் என் பெரியப்பா வாங்கிய ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் கிட்டார் ஆம்ப்ளிஃபையர் 20 ஆண்டுகளாகப் பரணில் கிடந்தது. முன்பலகை கறுப்பு, பிளக்கில் இரண்டே கால்கள். கடைசியாக வாசித்தபோதே ரிவெர்ப், அதாவது எதிரொலிபோல ஒலியை நீட்டும் வசதி, கேட்கவில்லை என்கிறார். ஆன் செய்து பார்க்கலாமா? நானே சரிசெய்ய முடியுமா?

பதில்: தயவுசெய்து ஆன் செய்துவிடாதீர்கள். ரிவெர்ப் பழுது சின்னது, பாதி நீங்களே கண்டுபிடிக்கலாம். அதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு.

கறுப்பு முன்பலகையும் இரட்டைக் கால் பிளக்கும் சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் 1963-க்கும் 1967-க்கும் இடையில் செய்த பெட்டி. அமெரிக்காவின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானது. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் பவர் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். பெரியப்பா ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருந்திருப்பார், அதையும் தேடுங்கள். புதிதாக வாங்கினால் 300 விஏ திறனில், இரண்டு தனித்தனிச் சுற்றுகள் கொண்டதாக, 110 வோல்ட் தருவதாகக் கேளுங்கள். நம் 50 ஹெர்ட்ஸில் ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு கூடுதலாகச் சூடாகும். அதனால் 120-ஐவிட 110 நல்லது.

அடுத்தது எர்த். பழைய இரட்டைக் கால் பெட்டிகளில் மின்கம்பியிலிருந்து இரும்புச் சட்டத்துக்கு ஒரு கண்டென்சர் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் பாகம்) போட்டிருப்பார்கள். அது பழுதானால் மின்சாரம் சட்டத்துக்கு வரும், சட்டத்திலிருந்து கிட்டார் கம்பிக்கு வரும், வாசிப்பவர் கைக்கு வரும். அந்தக் கண்டென்சரைக் கழற்றிவிட்டு, மூன்று கம்பி ஒயர் போட்டு, பச்சைக் கம்பியைச் சட்டத்தில் இறுக்க வேண்டும். கடையில் கிடைக்கும் ஸ்டெப் டவுன் பெட்டிகள் பலவற்றில் வெளிவரும் பக்கம் இரண்டு துளைகள்தான் இருக்கும், எர்த் அங்கேயே நின்றுவிடும். சுவரிலிருந்து சட்டம்வரை எர்த் தொடர்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடு என்றால் சுவரில் எர்த் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

உங்கள் ஊர் ஈரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உள்ளே பாகங்களைத் தாங்கும் கறுப்புப் பலகை அழுத்திச் செய்த நார் அட்டை. அது ஈரத்தை உறிஞ்சினால் மின்சாரம் கடத்தத் தொடங்கும். ஊட்டியிலிருந்து வந்த ஒரு பெட்டியில் எந்தப் பாகமும் இல்லாத வெற்றுப் பலகையில் மீட்டர் முனையை வைத்தேன், 40 வோல்ட் காட்டியது. கரகர சத்தத்துக்காக அதில் எல்லா வால்வுகளையும், அதாவது ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களையும், மாற்றியிருந்தார்கள், பாவம், குற்றம் பலகையில் இருந்தது. எனவே பரணிலிருந்து இறக்கிய பெட்டியைப் பின்மூடி கழற்றி, உலர்ந்த அறையில் இரண்டு வாரம் வையுங்கள். பக்கத்தில் ஒரு 40 வாட் குண்டு பல்பு எரியட்டும்.

பிறகு மெக்கானிக்கின் வேலை. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் தங்கியிருக்கும். சட்டத்தைத் திறக்கும் வேலையை வால்வு ரேடியோ பார்த்துப் பழகிய கையிடம் விடுங்கள். எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் எல்லாவற்றையும், வால்வுகளின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பயஸ் மின்னழுத்தத்துக்கான சின்னதையும் சேர்த்து, மாற்றச் சொல்லுங்கள். 60 வயதுக் கண்டென்சர் உள்ளே காய்ந்திருக்கும். 16 மைக்ரோ ஃபாரட் இருந்த இடத்தில் இன்று கிடைக்கும் 22 மைக்ரோ ஃபாரட், 500 வோல்ட் போடலாம். சென்னை ரிச்சி தெருவில் தேடலாம். மற்ற பாகங்களை, பழுது என்று மீட்டர் சொல்லாதவரை, தொட வேண்டாம். பெட்டியின் குரல் அவற்றில்தான் இருக்கிறது. முதல் ஆன், வால்வுகளைக் கழற்றிவிட்டு, 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் (மின்சாரம் பல்பு வழியாகவே பெட்டிக்குப் போகும்படி) போட்டு நடக்கட்டும். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் நலம். மங்காமல் பிரகாசமாக எரிந்தால் ஷார்ட். வால்வுகள் ஏறிய பிறகு ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் ஆன் செய்யக் கூடாது.

இனி ரிவெர்ப். பெரியப்பாவிடம் முதலில் இதைக் கேளுங்கள்: கிட்டாரை எந்தத் துளையில் செருகினார்? இந்தப் பெட்டியில் நார்மல், வைப்ராட்டோ என்று செருக இரண்டு பக்கங்கள், வைப்ராட்டோ பக்கத்துக்கு மட்டுமே ரிவெர்ப் உண்டு. நார்மல் பக்கத்தில் செருகிவிட்டு ரிவெர்ப் செத்துவிட்டது என்று வருந்தியவர்கள் நிறையப் பேர்.

துளை சரிதான் என்றால், பிளக் பிடுங்கிய நிலையில், பெட்டியின் அடியில் உறைக்குள் இருக்கும், ரிவெர்ப் ஒலியை உண்டாக்கும் ஸ்பிரிங் பெட்டியை வெளியே எடுங்கள். இதைப் பயமின்றிச் செய்யலாம். இரண்டு ஒயர்களையும் கழற்றி, மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். இன்புட் பக்கம் 1 ஓமுக்குச் சற்றுக் குறைவாக, அவுட்புட் பக்கம் 200 ஓம் அளவில் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் அந்தப் பக்கம் கம்பி அறுந்திருக்கிறது. சுருளிலிருந்து சாக்கெட்டுக்கு வரும் கம்பி தலைமுடி போன்றது, ஈயம் வைத்த இடத்தில் பச்சை பூத்து அறுந்துபோகும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும், மெல்லிய முனைச் சால்டரால் ஒட்டவைக்கலாம். ஸ்பிரிங் கொக்கியிலிருந்து நழுவியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அளவுகள் சரியாக இருந்தால், மெக்கானிக் முடித்துக் கொடுத்த பிறகு ரிவெர்ப் குமிழைத் திருப்பிவைத்து மேல்பலகையை லேசாகத் தட்டுங்கள். ஸ்பிரிங்குகள் இடிபோல முழங்கினால் திரும்பி வரும் பாதை நலம், குற்றம் அனுப்பும் பாதையில். பின்னாலிருந்து பார்க்கையில் வலமிருந்து மூன்றாவது வால்வு, 12ஏடி7, கடுமையாக உழைத்துச் சீக்கிரம் தேய்வது. ஆறாவதும் அதே வால்வுதான். ஆஃப் செய்து, ஆறவிட்டு, இரண்டையும் இடம் மாற்றுங்கள். ரிவெர்ப் வந்துவிட்டால் வாங்க வேண்டியது ஒரே ஒரு வால்வு. தட்டியும் முழங்காவிட்டால் கால் சுவிட்ச் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள், அது ஷார்ட் ஆனாலும் ரிவெர்ப் அடங்கிவிடும்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோக மலைப்பாதையில் வத்தலக்குண்டு இறங்கும்போது வால்வுகளைக் கழற்றி, இடத்தின் எண் எழுதி, செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றுங்கள். திரும்பி வந்த பிறகு, குறிப்பாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில், வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது வாசியுங்கள். அந்தக் கறுப்புப் பலகையை வால்வுகளின் சூடே உலர்த்திவைக்கும்.