சாலையில் இறந்துகிடக்கும் உயிரினங்கள்

கேள்வி: அதிகாலையில் சைக்கிள் ஓட்டும்போது அடிபட்டு இறந்த பாம்பு, ஆந்தை, முயல் ஆகியவற்றை அடிக்கடி காண்கிறேன். காரில் சென்றபோது இவ்வளவு கண்ணில் பட்டதில்லை. அவற்றை ஓரமாக ஒதுக்கலாமா, தொடாமல் போவதே நல்லதா?

பதில்: இரவில் அடிபட்டவற்றைக் காகங்கள் தின்று தீர்ப்பதற்கு முன்பே நீங்கள் அவ்வழியே செல்கிறீர்கள்; அதுவும் சாலையின் விளிம்பை ஒட்டி, மெதுவாக. காரில் செல்பவருக்கு வெறும் கறையாகத் தெரிவது உங்களுக்குத் தவளையாகத் தெரிவது அதனால்தான்.

ஒதுக்கலாம்; ஒதுக்குவது நல்லதும்கூட. இறந்த உடலைத் தின்ன வரும் பருந்தும் நரியும் அதே இடத்தில் அடிபடுவதை அது தடுக்கும். ஆனால், வளைவிலோ வண்டிகள் விரைந்து வரும் சாலையிலோ இதற்காக இறங்கவே இறங்காதீர்கள். உடலைக் கண்டதும் சட்டென்று சைக்கிளை ஒடிப்பதும் ஆபத்து. பின்னால் வருபவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

வெறுங்கையால் தொட வேண்டாம். பாலூட்டிகளின் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருக்கலாம். உடல் குளிர்ந்ததும் உண்ணிகள் வேறு உடலைத் தேடும். நீண்ட குச்சியால் நகர்த்துங்கள். பாம்பென்றால் இன்னும் கவனம் தேவை: செத்த பாம்பும், ஏன், துண்டான தலையும்கூட அனிச்சையாகக் கடித்து நஞ்சைச் செலுத்தக்கூடும். உயிர் இருப்பதாகத் தெரிந்தால் தண்ணீர் புகட்ட முயலாமல், விலகி நின்று வனத்துறைக்கோ வனவிலங்கு மீட்பாளருக்கோ தெரிவியுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட, நீங்கள் எடுக்கும் ஒரு படத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். கலிஃபோர்னியாவில் 2009 முதல் பொதுமக்கள் பதிவுசெய்துவரும் இத்தகைய தகவல்கள், எந்தெந்த இடங்களில் விலங்குகள் திரும்பத் திரும்ப அடிபடுகின்றன என்பதைக் காட்டுகின்றன. அப்படித் தெரிந்தால்தான் வேலியும், விலங்குகள் சாலையைக் கடப்பதற்கான பாலமும் எங்கே தேவை என்று தீர்மானிக்க முடியும். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் நெடுஞ்சாலையோரம் வேலியிட்டு, சுரங்கப் பாதைகளும் மேம்பாலங்களும் அமைத்த பிறகு, விலங்குகள் மீது வாகனங்கள் மோதுவது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

கண்ட உயிரினங்களைப் படத்துடன் பதிவிட உதவும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) செயலியில் நீங்களும் பதிவிடலாம். நகர்த்துவதற்கு முன்பே படமெடுங்கள்; தேதியும் இடமும் சரியாக இருக்கட்டும். பாம்பின் தலைச் செதில்களையும், பறவையின் அலகையும் விரித்த சிறகையும் அருகிலிருந்து எடுத்தால், நசுங்கிய உடலிலிருந்தும் இனத்தை அடையாளம் காணப் பெரும்பாலும் முடியும்.