முதல் நாளைக் குறித்து வையுங்கள்

கேள்வி (ஹட்டன், வயது 24): எனக்கு 33 நாளைக்கு ஒருமுறைதான் தீட்டு வருகிறது. 28 நாள்தானே சரி?

21 முதல் 35 நாள் வரை சரிதான். ஆனால் குழந்தைக்கு முயல்கிறீர்கள் என்றால், தீட்டு தொடங்கியதிலிருந்து எண்ணி 14ஆம் நாளையே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். முட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்பு. உங்களுக்கு அது 19ஆம் நாளை ஒட்டி வரும்.

கேள்வி (பண்டாரவளை): ஊசியை நிறுத்தி மாதக்கணக்காகியும் தீட்டு வரவில்லை. கர்ப்பப்பை கெட்டுவிட்டதா?

எந்த ஊசி, கடைசியாகப் போட்டது எப்போது, வயது என்ன, ஒன்றுமே எழுதவில்லை. எதை வைத்துப் பதில் சொல்வது? மூன்று மாதக் கருத்தடை ஊசி என்று எடுத்துக்கொள்கிறேன். முட்டையை வளர்த்து வெளிவிடச் சொல்லி மூளையிலிருந்து சூலகத்துக்குப் போகும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற ஹோர்மோன் கட்டளைகளை அது அடக்கி வைக்கும். மருந்து மெல்லத்தான் உடம்பை விட்டுப் போகும். கடைசி ஊசியிலிருந்து கருத்தரிக்க 10 மாதம் ஆவது சாதாரணம். கர்ப்பப்பை கெடவில்லை. கர்ப்பம் இல்லை என்பதை மட்டும் முதலில் சிறுநீர்ப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (மஸ்கெலியா, வயது 29): பிள்ளைக்கு 7 மாதம், பால் கொடுக்கிறேன். தீட்டு வராததால் கரு தங்காதுதானே?

தங்கும். 6 மாதம் தாண்டினால், சோறு ஊட்டத் தொடங்கினால், பால் கொடுப்பதால் கிடைக்கும் காவல் தளர்ந்துவிடும். முதல் தீட்டுக்கு முன்பே முட்டை வந்துவிடலாம். இந்த வாரமே மிட்வைஃபிடம் பேசுங்கள்.

கேள்வி (தலவாக்கலை): தோட்டத்துக் கோயிலில் பால்குடம் எடுக்கிறேன். தீட்டைத் தள்ளிப்போட எந்த மாத்திரை?

திருவிழாக் காலம் வந்தால் இந்தக் கடிதமும் வந்துவிடும். தம்பியை டவுனுக்கு அனுப்பி, பாமசியில் நாலு மாத்திரையைக் கடதாசியில் சுற்றி வாங்கி வரச் சொல்கிறீர்கள். விழுங்குகிறவருக்கு என்ன நோய் இருக்கிறது என்று தம்பிக்கும் தெரியாது, பாமசிக்காரருக்கும் தெரியாது. எனக்கு இதில்தான் கோபம்.

கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தாங்கி நிற்பது புரொஜெஸ்டரோன் என்ற ஹோர்மோன். அது இறங்கினால் இரத்தம் போகும். நோரெதிஸ்டெரோன் மாத்திரை அந்த இடத்தில் நின்று சவ்வைத் தாங்குகிறது. நிறுத்தி இரண்டு மூன்று நாளில் தீட்டு வரும். டொக்டர் பார்த்துக் கொடுத்து எப்போதாவது ஒருமுறை போட்டால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனால் காலில் இரத்தக்கட்டி வந்தவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாமல் இரத்தம் போகிறவர்கள் தொடவே கூடாது. வயிற்றில் கரு இருப்பது தெரியாமல் இதைப் போட்டுக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த மாத்திரையைக் கருத்தடைக்கும் நம்ப முடியாது.

இதைத் தீட்டுக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். திருவிழாத் திகதியை எழுதிய நீங்கள் கடைசித் தீட்டுத் திகதியை எழுதவில்லையே! கலண்டரில் முதல் நாளைக் குறித்து வையுங்கள் என்று எத்தனை முறை சொல்லிவிட்டேன். அந்தத் திகதியோடு நாளைக்கே டொக்டரிடம் போங்கள்.